முகாமில் கிடைக்காத நீதி

வேத வாசிப்பு: ஆமோஸ் 8:4–7, லூக்கா 19:1–10, எபேசியர் 4:25–32



ஜூன் 21 நெருங்கி வருகிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை அந்நாளைச் சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் அது உலகெங்கும் அனுசரிக்கப்பட்டு வருகிறது. ஆண்டுதோறும் இந்த நாட்களில் நம்மிடையே இரண்டு குரல்கள் எழும்புகின்றன. ஒரு குரல், "யோகம் பிசாசின் கண்ணி, விசுவாசி அதன் பெயரைக்கூட உச்சரிக்கலாகாது" என்கிறது. மற்றொரு குரல், "மூன்று நாள் முகாமுக்குப் போய் வந்தேன், ஐயா. அங்கே மதம் எதுவும் இல்லை. உண்மை பேசு, பேராசைப்படாதே, மனநிறைவோடு வாழ் என்றுதான் கற்றுக்கொடுத்தார்கள். இதில் என்ன தவறு?" என்று கேட்கிறது.

இவ்விரண்டு குரல்களோடும் எனக்கு வழக்கு உண்டு. முதல் குரல் அறியாததைப் பழிக்கிறது. இரண்டாம் குரல் அறியாததை வாங்கி வருகிறது. இவை இரண்டிற்கும் அடியில் ஒரே நோய் இருக்கிறது என்பதே இவ்வாரச் சிந்தனை. நீதியாய் வாழ்வதை நம் வீட்டுக்கும் கடைக்கும் வெளியே எங்கேயோ தூரத்தில் வைத்துவிட விரும்புகிறோம். அதுவே அந்த நோய்.

பழிக்கிறவர்களுக்கு

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறக்குறைய 195 சூத்திரங்கள் உள்ளன. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்று மட்டுமே. யோகம் என்றவுடன் உடலை வளைப்பதையே நினைக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். அந்நூல் கூறும் எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன் நிற்பவை இயமமும் நியமமும் ஆகும். இயமங்கள் ஐந்து: பிற உயிரை வருத்தாமை, வாய்மை, கள்ளாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்த்து வையாமை. நியமங்களும் ஐந்து: தூய்மை, மனநிறைவு, தவம், மறைநூல் ஓதித் தன்னை அறிதல், ஈஸ்வரனிடம் தன்னை ஒப்புவித்தல்.

இவை தமிழ் மண்ணுக்கும் அந்நியமானவை அல்ல. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இயம நியமங்களை விரிக்கிறது. வள்ளுவர் வாய்மைக்கும், கள்ளாமைக்கும், வெஃகாமைக்கும், இன்னா செய்யாமைக்கும், கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். அந்தக் குறளை 1886ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் கிறிஸ்துவை அறிவிக்க இங்கு வந்த மிஷனெரியான ஜி.யு. போப். அவர் குறளைக் கண்டு அஞ்சவில்லை. அதனால் தம் விசுவாசத்தை இழந்துவிடவும் இல்லை.

பொய் சொல்லாதே என்பது பிசாசின் போதனையாய் இருக்க முடியுமா? அவன் பொய்க்குப் பிதா என்றல்லவா யோவான் 8ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னார்! நியாயப்பிரமாணத்தைப் பெறாத புறஜாதியாரின் இருதயங்களிலும் அதன் கட்டளை எழுதப்பட்டிருக்கிறது என்று ரோமர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் கூறுகிறார். ஆகவே நம் அயலகத்தார் வாய்மையைப் போற்றும்போது, அதை நம் பிதா எழுதிய எழுத்தாகக் கண்டு நன்றி செலுத்துவதே முறை. பக்கத்து வீட்டார் போற்றும் நற்பண்பைப் பிசாசின் கணக்கில் எழுதுகிறவன் தன் விசுவாசத்தைக் காக்கவில்லை, பொய்ச்சாட்சி சொல்கிறான். அதுவும் பத்துக் கட்டளைகளில் ஒன்றை மீறுவதேயாகும்.

வாங்கி வருகிறவர்களுக்கு

இனி இரண்டாம் குரலிடம் வருவோம். அதிகாலையில் மௌனம், எளிய சைவ உணவு, கைப்பேசியை வாயிலில் ஒப்படைத்தல், ஒரு வேளை அகிம்சையைப் பற்றிய உரை, மறு வேளை சத்தியத்தைப் பற்றிய உரை, மாலையில் குறிப்பேட்டில் தன்னாய்வு. இத்தகைய முகாமில் மனம் அமைதி அடைவது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மூன்று நாள் பேசாதிருந்தவன் மூன்று நாளும் பொய் சொல்லவில்லை. அதனால் அவன் வாய்மையுள்ளவன் ஆகிவிட்டானா? கல்லாப்பெட்டி இல்லாத இடத்தில் தங்கியவன் திருடவில்லை. அதனால் அவன் கை சுத்தமாகிவிட்டதா? பரிமாறுகிற கை வேறொருவருடையது, பாத்திரம் கழுவுகிற கை வேறொருவருடையது என்று இருக்கிற இடத்தில் பொறுமையைக் கற்றுக்கொண்டேன் என்று சொல்வது எளிது. சோதனை இல்லாத இடத்தில் பெற்ற வெற்றியை எந்தச் சேனாபதியும் வெற்றி என்று கூறமாட்டான்.

இதை நான் சொல்வதைவிடப் பதஞ்சலியே சொல்லுவது பொருத்தம். இயமங்களை வரிசைப்படுத்திய அடுத்த சூத்திரத்திலேயே (2:31), பிறப்பாலும் இடத்தாலும் காலத்தாலும் சூழ்நிலையாலும் வரம்பிடப்படாமல் கைக்கொள்ளப்படும்போதுதான் இவை மகாவிரதம் ஆகும் என்ற கருத்தை அவர் நிறுத்துகிறார். வியாசர் பெயரால் வழங்கும் பழைய உரை இதற்கு எடுத்துக்காட்டுகள் தருகிறது. புண்ணியத் தலத்தில் மட்டும் கொல்லமாட்டேன் என்பவனுடைய அகிம்சை இடத்தால் வரம்புபட்டது. சதுர்த்தசி அன்று மட்டும் கொல்லமாட்டேன் என்பவனுடைய அகிம்சை காலத்தால் வரம்புபட்டது. இத்தகைய வரம்புகள் எல்லாம் நீங்கிய பின்னரே அது மகாவிரதம்.

அப்படியானால் மலையடிவாரத்தில், வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை, கட்டணம் செலுத்திக் கைக்கொள்ளும் இயமத்துக்கு என்ன பெயர்? இடமும் வரம்பு, காலமும் வரம்பு. அதைத் தவறென்று தீர்க்க நம் வேதாகமத்தைத் திறக்கும் முன்பே, அந்த முகாமின் மேசைமேல் இருக்கும் நூலே தீர்த்துவிடுகிறது.

ஓய்வுநாள் எப்போது முடியும்?

ஆனால், பிரியமானவர்களே, அந்தத் தீர்ப்பு முகாமோடு நின்றுவிடுவதில்லை. நம் ஆலயத்தின் வாசலையும் தட்டுகிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி கண்ட வியாபாரிகளை நினைவுகூருங்கள். அவர்கள் ஓய்வுநாளை மீறியவர்கள் அல்லர். கடையை அடைத்தார்கள், அமாவாசைப் பண்டிகையை ஆசரித்தார்கள். ஆனால் அடைத்த கடைக்குள் அவர்களுடைய மனம், இந்த நாள் எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கி, விலையைப் பெரிதாக்கி, கள்ளத் தராசினால் ஏமாற்றுவது எப்போது என்று காத்திருந்தது. அவர்களுடைய நீதி காலத்தால் வரம்புபட்ட நீதி. கர்த்தர் அவர்களுடைய செய்கைகளில் ஒன்றையும் மறப்பதில்லை என்று ஆணையிட்டார்.

அந்த ஐந்து இயமங்களையும் கண்ணாடியாகப் பிடித்து நம் முகத்தைப் பார்ப்போமா?

வருத்தாமை: ஞாயிறு காலை ஆலயத்தில் பாடிய அதே வாய், வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே மனைவியைச் சொல்லால் அடிப்பதில்லையா? சகோதரனை இழிசொல்லால் திட்டுவதையே கொலையின் வரிசையில் அல்லவா மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் வைத்தார்?

வாய்மை: நிலம் வாங்கும்போது பத்திரத்தில் எழுதும் விலை ஒன்று, கையில் கொடுக்கும் விலை ஒன்று. "எல்லாரும் இப்படித்தான் பதிவு செய்கிறார்கள்" என்ற விளக்கத்தோடு பொய்யில் கையெழுத்திடுகிறோம். அந்தப் பணத்திலேயே தசமபாகமும் எடுத்து வைக்கிறோம்.

கள்ளாமை: வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று இந்நாட்டுச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. நாம் அதற்கு "பெண் வீட்டார் விருப்பம்" என்று ஞானஸ்நானம் கொடுத்து வைத்திருக்கிறோம். ஒரு தகப்பன் கடன்பட்டுக் கொடுத்த பொன்னை அணிந்த மணமக்களைப் பீடத்துக்கு முன் நிறுத்தி ஆசீர்வாதம் கேட்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் சகோதரியின் கூலியை மாதக் கடைசியில் குறைப்பதும் களவுதான். அந்தக் கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. அது சேனைகளின் கர்த்தருடைய செவிகளில் எட்டுகிறது.

புலனடக்கம்: கூட்டத்தில் இருக்கும்போது கண்கள் தாழ்ந்திருக்கின்றன, இரவில் கைப்பேசியோடு தனித்திருக்கும்போது அதே கண்கள் எங்கே செல்கின்றன? இச்சையோடு பார்ப்பதையே விபசாரத்தின் வரிசையில் சேர்த்தவர் நம் ஆண்டவர்.

சேர்த்து வையாமை: செல்வமே ஆசீர்வாதத்தின் அடையாளம் என்று முழங்கும் பிரசங்கங்களைத் தேடித் தேடிக் கேட்கிறோம். பிறகு, "குறைவாக வைத்து நிறைவாக வாழ்" என்று முகாமில் ஒருவர் சொன்னவுடன் புதிய உண்மையைக் கண்டதுபோல் வியக்கிறோம். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்த ஐசுவரியவானின் உவமையை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்?

அந்தச் சூத்திரம் முதலாவதாகச் சொன்ன வரம்பு பிறப்பு. அங்கே வரும் ஜாதி என்ற சொல் இன்றைய சாதியைவிட விரிந்த பொருளுடையது. இருந்தாலும் அது நம்மைச் சுடாமல் விடுவதில்லை. சபைக்குள் சாதி நிற்கக் கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833ஆம் ஆண்டில் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதை ஏற்க மனமில்லாமல் பலர் பிரிந்து நின்றார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கடந்தும் நம் மணமகள் தேவை விளம்பரத்தில் சபைப் பிரிவுக்கு அடுத்த சொல் சாதியாகவே இருக்கிறது. நம் மாநிலத்தில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் பிரிவினைச் சுவர் எழும்பியிருக்கிறது. நம் அன்பு பிறப்பால் வரம்புபட்டிருக்கும்போது, அயலாருடைய அறநூலைக் குறைசொல்ல நமக்கு எங்கிருந்து வாய் வந்தது?

ஆகவே நம்மவர் வேறிடத்தில் அறம் தேடிப் போகிறார்கள் என்றால், போகிறவர்களை மாத்திரம் கடிந்துகொள்ளுதல் நியாயமாகாது. வீட்டில் சமைக்காத அடுப்பு இருக்கும்போது, பிள்ளை அயல்வீட்டில் உண்டதற்காக அடிப்பது என்ன நீதி?

பத்தாவது கேள்வி

இவ்வளவும் சொன்ன பின்னர், "அங்கே மதம் இல்லை" என்ற சொல்லை நான் ஏற்றுக்கொண்டதாக எண்ணிவிட வேண்டாம். பத்து நெறிகளில் பத்தாவது எது? ஈஸ்வரனிடம் தன்னை ஒப்புவித்தல். சமாதி கைகூடுவதற்கு வழியாகவே இரண்டாம் பாதம் அதைக் கூறுகிறது (2:45). விரும்பினால் எடுத்துக்கொள்ளவும் விரும்பாவிட்டால் ஒதுக்கவும் தக்க ஊறுகாய் அன்று அது. முகாமில் அதைச் "சரணடைதல்" என்ற பொதுச்சொல்லாக்கி, யாரிடம் என்பதை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். அவ்வாறு விடுவது யோக நூலுக்கும் நேர்மையன்று. நம் விசுவாசத்துக்கும் நேர்மையன்று. யாரிடம் என்று கேட்காமல் சரணடைகிறவன், முகவரி எழுதாத கடிதத்தைத் தபால்பெட்டியில் போடுகிறான்.

அந்த நூல் கூறும் ஈஸ்வரன் யார்? துன்பங்களாலும், வினையாலும், வினைப்பயனாலும், அதன் பதிவுகளாலும் தீண்டப்படாத சிறப்புப் புருஷன் என்று முதற்பாதம் வரையறுக்கிறது (1:24). தீண்டப்படாமையே அங்கே மேன்மை. நாம் ஆராதிக்கிற ஆண்டவரோ தீண்டப்பட்டவர். குஷ்டரோகியைத் தொட்டார்; பெரும்பாடுள்ள ஸ்திரீ தம்மைத் தொடும்படி விட்டார்; ஆணிகள் அவரைத் துளைத்தன; உயிர்த்தெழுந்த பின்னும் அந்தக் காயங்களை மறைக்காமல் தோமாவுக்குக் காட்டினார். நம் பலவீனங்களை உணர்ந்து பரிதபிக்கிற பிரதான ஆசாரியர் என்று எபிரெயர் 4ஆம் அதிகாரம் அவரைக் காட்டுகிறது. பாவம் அவரில் இல்லை. ஆனால் நம் பாவத்தின் பாரம் அவர்மேல் விழுந்தது. துன்பத்துக்கு அப்பால் நிற்கும் இறைவனிடம் என்னை ஒப்புவித்தால், துன்பத்துக்கு அப்பால் நிற்கவே நான் கற்றுக்கொள்வேன். சிலுவையில் தொங்கியவரிடம் ஒப்புவித்தால், துன்பப்படுகிறவனுக்கு அருகில் போய் நிற்க வேண்டியிருக்கும். பாதை பிரியும் இடம் இதுவே.

அந்த நூலின் இறுதிப் பாதத்துக்குக் கைவல்லியபாதம் என்று பெயர். கைவல்லியம் என்றால் புருஷன் எல்லாவற்றினின்றும் விலகித் தனித்து நிற்றல். நம் வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களோ நகரத்தையும், திறந்த வாசல்களையும், கலியாண விருந்தையும் காட்டுகின்றன. யோகியின் தனிமையை நான் இகழவில்லை. அது கடும் உழைப்பால் தேடப்படும் ஒன்று. ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்லுகிறவர் இரண்டையும் வாசிக்காதவர்.

இந்த வேறுபாடு அன்றாட ஒழுக்கத்துக்குள்ளும் இறங்கி வருகிறது. கள்ளாமையில் நிலைபெற்றவனிடம் எல்லா இரத்தினங்களும் வந்து சேரும் என்பது யோக நூல் சொல்லும் பயன் (2:37). எபேசியர் 4:28இல் பவுல் சொல்லும் பயன் வேறு: திருடினவன் இனித் திருடாமல், தன் கைகளால் உழைத்து, இல்லாதவனுக்குக் கொடுக்கத்தக்கவனாக வேண்டும். இங்கே களவு நின்றதன் பயன் அயலானுடைய பாத்திரத்தில் விழுகிறது. பொய்யை ஏன் களைய வேண்டும்? நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாய் இருப்பதனால் என்கிறார் அவர். கண் காலுக்குப் பொய் சொன்னால் முழுச் சரீரமும் குழியில் விழும். என் மனம் தெளிவடைவதற்காக மட்டும் நான் உண்மை பேசுவதில்லை. என் உண்மையின்மேல் நீங்கள் கால் வைத்து நடக்கிறீர்கள், அதனால் பேசுகிறேன்.

தனித்திருத்தல் எதற்காக?

அப்படியானால் தனித்திருத்தலே தவறா? இல்லை. இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஆண்டவர் ஜெபித்தார் என்று மாற்கு 1ஆம் அதிகாரம் கூறுகிறது. அங்கே அவரைத் தேடி வந்தவர்களோடு அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டுப் போனார். மாற்கு 6ஆம் அதிகாரத்தில் சீடரை இளைப்பாறத் தனியிடத்துக்கு அழைத்தார்; ஆனால் ஜனங்கள் முந்திக்கொண்டு அங்கே வந்து நின்றார்கள். அவர் எரிச்சலடையவில்லை; மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போலிருந்த அவர்கள்மேல் மனதுருகினார். அந்த ஓய்வு ஐயாயிரம் பேருக்கு விருந்தாய் முடிந்தது.

நம் மண்ணிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1921ஆம் ஆண்டில் சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் இரு மருத்துவர்கள் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். ஆட்சி செய்யும் இனமும் ஆளப்படும் இனமும் ஒரே பந்தியில் அமர்வது அரிதாயிருந்த காலத்தில், இருவரும் மணம் செய்யாமல், கதர் உடுத்தி, ஒரே கூரையின்கீழ் சகோதரராய் வாழ்ந்தார்கள். அங்கே ஜெபமும் மௌனமும் எளிமையும் இருந்தன. கிராமத்து நோயாளிகளுக்கான மருத்துவமனையும் இருந்தது. புலனடக்கமும் சேர்த்து வையாமையும் அவர்களுக்குக் கருத்தரங்கத் தலைப்புகள் அல்ல. நோயாளி கதவைத் தட்டும் இடத்தில் அவர்கள் தனித்திருந்தார்கள்.

சகேயுவையும் பாருங்கள். அவன் எந்த முகாமுக்கும் போகவில்லை. ஆண்டவர் அவனுடைய வீட்டுக்குப் போனார். எந்த வீட்டுக்குள் அநியாயப் பணம் வந்து குவிந்ததோ அந்த வீட்டுக்கே போனார். சகேயு "எனக்குள் அமைதி உண்டாயிற்று" என்று சொல்லி நிறுத்தவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நான்கு மடங்கு என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்தான். இரட்சிப்பு அந்த வீட்டுக்கு வந்தது என்று ஆண்டவர் அறிவித்தார். அவன் திருந்தியதனால் அவர் வந்தார் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் வந்ததனால் அவன் திருந்தினான். இந்த வரிசையைக் கவனியுங்கள். இயமம் நம்மைக் குற்றவாளி என்று காட்டும். நியாயப்பிரமாணமும் அவ்வாறே காட்டும். குற்றவாளியின் வீட்டுக்கு விருந்தாளியாய் வருவது கிருபை மட்டுமே.

ஆகவே, "போகலாமா, ஐயா?" என்ற கேள்விக்கு என் பதில் இது. உடற்பயிற்சி என்பது வேறு கேள்வி. அதை உங்கள் மருத்துவரோடும் மனசாட்சியோடும் பேசுங்கள். நீதியைக் கற்றுவர என்றால், போக வேண்டாம். பிசாசு அங்கே பதுங்கியிருக்கிறான் என்ற பயத்தினால் நான் இதைச் சொல்லவில்லை. பத்தாவது நெறிக்கு நீங்கள் ஏற்கெனவே ஞானஸ்நானத்தில் பதில் சொல்லிவிட்டீர்கள். மற்ற ஒன்பதுக்கும் பரீட்சை உங்கள் வீட்டில்தான் நடக்கிறது. இவற்றின் நிமித்தம் சொல்கிறேன்.

இந்த வாரம்

காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கட்டளையிட்டார். ஆராதனையைப் பாதியில் நிறுத்தி மனிதனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய போதகர் அவர்! அவருக்குக் கீழ்ப்படிந்து இந்த வாரத்தில் ஒரு காரியத்தைச் செய்யுங்கள். கொடுக்க வேண்டிய கூலி பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள். மகனுக்குப் பெண் பார்க்கிறவர்கள், எதுவும் வேண்டாம் என்பதை முதல் சந்திப்பிலேயே, புரோக்கர் மூலமாக அல்லாமல், உங்கள் வாயால் சொல்லுங்கள். பேசாதிருக்கும் உடன்பிறந்தானுடைய வாசலுக்குப் போங்கள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு வாருங்கள். அந்த மேசைக்குக் கட்டணம் இல்லை. அதன் விலையை ஒருவர் ஏற்கெனவே செலுத்திவிட்டார்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, உமது கட்டளையை எல்லா ஜனங்களின் இருதயத்திலும் எழுதினவரே, உமக்கு ஸ்தோத்திரம். இடத்துக்கும் நாளுக்கும் பிறப்புக்கும் அடங்கிப்போன எங்கள் நீதியை மன்னியும். உமது குமாரன் எங்கள் வீட்டுக்குள் வந்து, எங்கள் கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் செய்யட்டும். எங்கள் அயலகத்தாரை இகழாத நாவையும், அவர்களுக்கு முன் வெட்கப்படாத வாழ்க்கையையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்